உப்புக் கரைசல் ஏன் பலித்தது? சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் சளியும் மியூசினும்: ஒரு நிகழ்வு ஆய்வு

2006 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் இரண்டு ஆய்வறிக்கைகள் ஒன்றாக வெளிவந்தன. ஒன்று ஆஸ்திரேலியாவில் நடந்தது. மற்றொன்று அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்தது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது நுரையீரலில் கெட்டியான சளி தேங்கும் ஒரு பிறவி மரபணு நோய். அந்நோயாளிகள் 7 விழுக்காடு உப்புக் கரைசலை நெபுலைசர் (கரைசலை நுண்துளிகளாக்கும் கருவி) வழியாக உள்ளிழுத்தால் பலன் கிடைக்கிறது என்று இரண்டும் காட்டின. கரைசலில் இருந்தது கடல்நீரில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு உப்பு, அவ்வளவுதான். புதிய மூலக்கூறு எதுவும் அதில் இல்லை. இத்தனை எளிய ஒன்று ஏன் பலித்தது என்ற கேள்வியே இந்த ஆய்வின் பொருள். சளிக்குப் பிசுபிசுப்பைத் தரும் நீண்ட சங்கிலிப் புரதம் மியூசின். சளி நோய்களைப் பற்றிய ஆராய்ச்சி பல பத்தாண்டுகளாக "மியூசின் கூடுதலா, குறைவா?" என்று கேட்டு வந்தது. ஒவ்வொரு மியூசின் சங்கிலிக்கும் எவ்வளவு நீர் கிடைக்கிறது, செல்லை விட்டு வெளியேறும்போது அது சரியாக விரிகிறதா என்பவையே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் என்பது என் கருத்து. உப்புக் கரைசலின் வரலாறு அதற்கு நல்ல சான்றாக அமைகிறது.

நோயின் பின்னணி

நியூயார்க்கில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் நோய்க்குறியியல் வல்லுநராகப் பணியாற்றிய டோரதி ஆண்டர்சன், 49 நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 1938இல் இந்நோயை முதன்முதலில் தெளிவாக வரையறுத்தார். அவர் கண்ணில் முதலில் பட்டது கணையம். அதன் நாளங்கள் கெட்டியான சுரப்பினால் அடைபட்டு, திசு நீர்க்கட்டிகளாகவும் நார்த்திசுவாகவும் மாறியிருந்தது. 1940களில் சிட்னி ஃபார்பர், இது கணையத்தோடு நிற்கும் நோயன்று என்றும், உடல் முழுவதும் சளி சுரக்கும் உறுப்புகள் அனைத்தையும் தாக்கும் நோய் என்றும் வாதிட்டார். சளியே கோளாறு என்ற எண்ணம் அங்கிருந்துதான் வேரூன்றியது.

ஆனால் 1948இல் நியூயார்க்கைத் தாக்கிய வெப்ப அலையின்போது வேறொரு தடயம் கிடைத்தது. வெயிலில் மயங்கி விழுந்து கொண்டுவரப்பட்ட குழந்தைகளில் இந்நோய் உள்ளவர்கள் வழக்கத்துக்கு மாறாக அதிகம் இருந்ததைக் கவனித்த பால் டி சான்ட்'ஆக்னீஸ், இவர்களின் வியர்வையில் உப்பு மிகுந்திருப்பதை 1953இல் உறுதி செய்தார். வியர்வைச் சுரப்பியில் சளி கிடையாது. ஆகவே, சளி கெட்டியாவதும் வியர்வை உப்பாவதும் ஒரே மூலத்திலிருந்து வர வேண்டும் என்றால், அந்த மூலம் சளியாக இருக்க முடியாது. இந்த வாதத்தின் முழு எடையை உணர முப்பது ஆண்டுகள் ஆயின. 1983இல் பால் குவின்டன், நோயாளிகளின் வியர்வை நாளம் குளோரைடு அயனியை உள்ளே விடுவதில்லை என்று நிறுவினார். அவரும் இதே நோயுடன் பிறந்தவர். 1989இல் லாப்-சீ சுய், பிரான்சிஸ் காலின்ஸ், ஜாக் ரியோர்டன் ஆகியோரின் குழுக்கள் 7ஆம் குரோமோசோமில் சிஎஃப்டிஆர் மரபணுவைக் கண்டுபிடித்தன. அது குளோரைடும் பைகார்பனேட்டும் கடந்து செல்லும் ஓர் அயனிக் கால்வாயை உருவாக்கும் மரபணு. சுவாசப்பாதைச் சளிக்குரிய முக்கிய மியூசின் மரபணுக்களோ 11ஆம் குரோமோசோமில் உள்ளன. அவற்றில் இந்நோயாளிகளுக்குப் பிழை எதுவும் இல்லை.

அதாவது, சரியான வரைபடத்தின்படி கட்டப்பட்ட மியூசின், தவறான சூழலில் வந்து விழுகிறது. இந்த நிகழ்வின் மையம் இதுதான்.

மியூசின் எப்படிப்பட்ட பொருள்

சுவாசப்பாதைச் சளிக்கு அதன் பிசுபிசுப்பையும் இழுவையையும் தருபவை முக்கியமாக இரண்டு மியூசின்கள்: மியூக்5பி, மியூக்5ஏசி. முதலாவது, சளிச்சவ்வின் கீழுள்ள சுரப்பிகளிலிருந்து பெருமளவில் வருகிறது. இரண்டாவது, மேற்பரப்பிலுள்ள கோப்பைச் செல்களிலிருந்து வருகிறது. இரண்டுமே மிக நீண்ட புரதங்கள். அவற்றின் நடுப்பகுதியில் செரின், த்ரியோனின் என்ற அமினோ அமிலங்கள் நெருக்கமாக அமைந்திருக்க, அவை ஒவ்வொன்றிலும் சர்க்கரைச் சங்கிலிகள் கிளைத்து நிற்கின்றன. முழு மூலக்கூற்றின் எடையில் பெரும்பகுதி இந்தச் சர்க்கரையே. அச்சர்க்கரைகளின் நுனிகளிலுள்ள எதிர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்குவதால் சங்கிலி விறைத்து நீண்டு, தன்னைச் சுற்றி ஏராளமான நீரைப் பிடித்து வைக்கிறது. புரதத்தின் இரு முனைகளும் கந்தகப் பிணைப்புகளால் அடுத்தடுத்த மூலக்கூறுகளோடு கோக்கப்பட, மைக்ரோமீட்டர் கணக்கில் நீளும் பலபடிச் சங்கிலிகள் உருவாகின்றன.

இவ்வளவு பெரிய சங்கிலி செல்லுக்குள் ஒரு நுண்ணிய துகள்பைக்குள் அடங்கியிருக்கிறது. அதற்குக் காரணம் அங்குள்ள அமிலத்தன்மையும் செறிந்த கால்சியமும்தான். கால்சியம் எதிர்மின்னூட்டங்களை ஈடுகட்டி, சங்கிலியின் முனைப் பகுதிகளை ஒழுங்காக அடுக்கிப் பிடிக்கிறது. துகள்பை திறந்து வெளியே கொட்டும் நொடியில் கால்சியம் விலக வேண்டும், அமிலத்தன்மை குறைய வேண்டும், நீர் உட்புக வேண்டும். மூன்றும் நடந்தால் மியூசின் பல நூறு மடங்கு பருத்து மெல்லிய படலமாக விரிகிறது. நலமான சுவாசப்பாதையின் சளியில் ஏறத்தாழ 98 விழுக்காடு நீர். உப்பும் புரதங்களும் சேர்ந்து மிச்சமுள்ள 2 விழுக்காடு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் சளியில் இந்தத் திடப்பொருளின் பங்கு பல மடங்கு உயர்ந்துவிடுகிறது.

இரண்டு கருதுகோள்கள், எதிரெதிரான இரண்டு கணிப்புகள்

1990களின் நடுவில் இந்நோயைப் பற்றி ஒன்றோடொன்று ஒத்துவராத இரண்டு விளக்கங்கள் இருந்தன. 1996இல் வெளிவந்த ஒன்று, சுவாசப்பாதையின் மேற்பரப்பு நீரில் வியர்வையைப் போலவே உப்பு மிகுந்திருப்பதால், கிருமிகளைக் கொல்லும் இயற்கையான புரதக்கூறுகள் செயலிழந்துவிடுகின்றன என்றது. 1998இல் வட கரோலினாக் குழு முன்வைத்த மற்றொன்று, அந்த நீரில் உப்பின் செறிவு இயல்பாகவே இருக்கிறது, நீரின் அளவுதான் குறைந்துவிட்டது என்றது. சிஎஃப்டிஆர் செயலிழந்ததால் குளோரைடு வெளியேறுவதில்லை. அதே நேரத்தில் சுவாசப்பாதையின் உட்பரப்பைப் போர்த்தியிருக்கும் எபிதீலியச் செல்கள் சோடியத்தைத் தொடர்ந்து உறிஞ்சுகின்றன. சோடியத்தைத் தொடர்ந்து நீரும் உள்ளே போய்விடுகிறது என்பது அதன் வாதம்.

முதல் விளக்கம் சரியென்றால் அடர்ந்த உப்புக் கரைசலை உள்ளிழுப்பது எரியும் நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதாகும். இரண்டாவது சரியென்றால் அந்த உப்பு, சவ்வூடு பரவலின் மூலம் செல்களிலிருந்து நீரை மேற்பரப்புக்கு இழுத்துவந்து சளியை இளக்கும். ஒரு சிகிச்சை இரண்டு கோட்பாடுகளுக்கு இடையே இவ்வளவு கூர்மையாகத் தீர்ப்பளிக்கும் வாய்ப்பு மருத்துவத்தில் அரிதாகவே கிடைக்கிறது. அதனால்தான் இந்தப் பரிசோதனைகளை வெறும் மருந்துச் சோதனைகளாகப் படிப்பது போதாது என்று நினைக்கிறேன்.

உண்மையில் உப்புக் கரைசல் ஆய்வகக் கோட்பாட்டிலிருந்து மட்டும் பிறந்ததன்று. கடலில் அலைச்சறுக்கு விளையாடும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இளைஞர்களுக்குச் சளி எளிதாக வெளிவருவதையும் அவர்கள் நுரையீரல் ஒப்பீட்டளவில் நன்றாக இருப்பதையும் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் கவனித்திருந்தனர். சிட்னியில் பீட்டர் பை உள்ளிட்டோர் 1990களின் நடுவிலேயே சிறிய அளவில் சோதித்து, அடர் உப்புக் கரைசல் சளி வெளியேற்றத்தை விரைவுபடுத்துவதைக் காட்டினர். அவதானிப்பு முன்னே போக, விளக்கம் பின்னே வந்தது.

பரிசோதனைகள் சொன்னதும் சொல்லாததும்

ஆஸ்திரேலியப் பரிசோதனையில் ஆறு வயதுக்கு மேற்பட்ட 164 நோயாளிகள் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் 7 விழுக்காடு கரைசலையும் மற்றவர்கள் 0.9 விழுக்காடு கரைசலையும் நாளுக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 4 மில்லிலிட்டர் வீதம், 48 வாரங்களுக்கு உள்ளிழுத்தனர். மூச்சுக்குழல் சுருங்கிவிடாதிருக்க முன்னதாக அதை விரிக்கும் மருந்து தரப்பட்டது. எது எந்தக் கரைசல் என்று சுவையை வைத்துக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டிலும் கசப்பான குவினைன் கலக்கப்பட்டிருந்தது. இந்தச் சிறு ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன்; உப்பை மறைப்பது எளிதன்று, அதை மறைக்காமல் நடத்தும் சோதனையை நம்புவதும் எளிதன்று.

முடிவுகளை நேர்மையாகப் படிக்க வேண்டும். முதன்மை அளவுகோலாக முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது நுரையீரல் செயல்திறன் மாறும் வேகம். அதில் இரு பிரிவுகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் சிகிச்சைக் காலம் முழுவதையும் சராசரியாகப் பார்த்தபோது, முதல் நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு அடர் கரைசல் பிரிவில் 68 மில்லிலிட்டர் கூடுதலாக இருந்தது. அது பெரிய ஆதாயமன்று. நோயாளியின் வாழ்க்கையில் உண்மையான மாற்றம் வேறிடத்தில் தெரிந்தது: திடீரென நோய் முற்றும் நிகழ்வுகள் 56 விழுக்காடு குறைந்தன, ஆண்டு முழுவதும் அப்படியொரு நிகழ்வே இல்லாமல் கடந்தவர்கள் ஒப்பீட்டுப் பிரிவில் 62 விழுக்காடும் அடர் கரைசல் பிரிவில் 76 விழுக்காடும் ஆவர்.

வட கரோலினாப் பரிசோதனை சிறியது. 24 நோயாளிகள், 14 நாட்கள். ஆனால் இயங்குமுறையைப் பொறுத்தவரை அதுவே அதிகம் கற்றுத் தந்தது. சோடியம் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் அமிலோரைடு என்ற மருந்தை முன்கூட்டியே கொடுத்தால், உப்புக் கரைசல் இழுத்துவரும் நீர் நீண்ட நேரம் மேற்பரப்பில் நிற்கும் என்று ஆய்வாளர்கள் எதிர்பார்த்தனர். நடந்தது நேர்மாறானது. அமிலோரைடு இல்லாமல் உப்புக் கரைசலை மட்டும் எடுத்தவர்களிடம் சளி வெளியேற்றம் எட்டு மணி நேரத்துக்கும் மேலாக மேம்பட்டு நின்றது. அமிலோரைடோடு எடுத்தவர்களிடம் அந்த நீடித்த பலன் இல்லை. வளர்ப்புச் செல்களில் சோதித்தபோது, சவ்வூடு பரவலால் நீர் செல்லைக் கடந்து வருவதையே அமிலோரைடு தடுப்பது தெரிந்தது. நீர் வரும் வழியை அடைத்தால் உப்பின் பலனும் போய்விடுகிறது என்ற இந்த எதிர்பாராத முடிவு, பலனுக்குக் காரணம் நீர்தான் என்பதற்குக் கிடைத்த வலுவான சான்று. உப்பு இருமலைத் தூண்டுவதாலோ மியூசின்களுக்கு இடையிலான மின்னூட்டப் பிணைப்புகளைத் தளர்த்துவதாலோ மட்டும் பலன் வருகிறது என்றால், அமிலோரைடு அதைக் கெடுத்திருக்கக் காரணமில்லை. உப்பே அல்லாத, ஆனால் அதேபோல் நீரை இழுக்கக்கூடிய மேனிட்டால் பொடியும் பின்னர் இந்நோய்க்குப் பயன்பாட்டுக்கு வந்தது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம்.

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 2004இல், எலிகளில் வேறொரு கோணத்திலிருந்து இதே முடிவு எட்டப்பட்டிருந்தது. சிஎஃப்டிஆர் நீக்கப்பட்ட எலிகளுக்கு மனிதர்களைப் போல் தானாக நுரையீரல் நோய் வருவதில்லை. ஆனால் சிஎஃப்டிஆரைத் தொடாமல், சோடியத்தை உறிஞ்சும் கால்வாயை மட்டும் சுவாசப்பாதையில் மிகையாக இயங்க வைத்தபோது, எலிகளின் மூச்சுக்குழல்கள் சளியால் அடைபட்டு, அழற்சியும் தொடங்கியது. நீர் குறைவதே நோயை உண்டாக்கப் போதுமானது என்பது இதனால் உறுதிப்பட்டது.

அளவிடும் முறை ஏமாற்றிய இடம்

நீர் குறைந்தால் மியூசின் செறிய வேண்டும். ஆனால் 2004இல் வெளியான ஓர் அளவீடு, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் சளியில் மியூக்5பி, மியூக்5ஏசி இரண்டுமே நலமானவர்களின் சளியில் உள்ளதைவிடக் குறைவு என்று காட்டியது. சளி நோயில் சளியின் அடிப்படைப் பொருளே குறைவு என்ற இந்த முடிவு பலரைக் குழப்பியது. தேங்கியிருப்பது மியூசினே அல்ல, இறந்த வெள்ளணுக்களின் டிஎன்ஏவும் சீழும்தான் என்ற கருத்துக்கு அது வலு சேர்த்தது. டிஎன்ஏவை வெட்டும் டார்னேஸ் ஆல்ஃபா என்ற மருந்து ஏற்கெனவே பயனளித்துக் கொண்டிருந்ததால் அந்தக் கருத்து நியாயமானதாகவே தோன்றியது.

பிழை கருவியில் இருந்தது. மியூசினை அளக்கப் பயன்பட்ட எதிர்ப்பொருள்கள், அதன் புரதப் பகுதியிலுள்ள குறிப்பிட்ட இடங்களைப் பற்றிக்கொள்பவை. தொற்று நிறைந்த சளியில் வெள்ளணுக்கள் உமிழும் புரதச் சிதைப்பான் நொதிகள் அந்த இடங்களைக் கடித்துத் தின்றுவிடுகின்றன. சர்க்கரை போர்த்திய நடுப்பகுதி அப்படியே இருந்து நீரைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். எதிர்ப்பொருளுக்கோ அது தெரியாது. 2014இல் எதிர்ப்பொருளைச் சாராமல், மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரித்து ஒளிவிலகலால் அளந்தபோது, இந்நோயாளிகளின் சளியில் மியூசின் செறிவு மிக உயர்ந்திருப்பதும் அதனால் சளியின் சவ்வூடு பரவல் அழுத்தம், அதாவது நீரை ஈர்க்கும் ஆற்றல், ஏறியிருப்பதும் வெளிப்பட்டன. மியூசின் ஆராய்ச்சியில் ஈடுபடும் எவரும் இந்தப் பத்தாண்டு இடைவெளியை மறக்கக் கூடாது. சிதைந்தும் சர்க்கரை மிகுந்தும் இருக்கும் ஒரு பொருளை, புரதத்தை மட்டும் பார்க்கும் கருவியால் எண்ணினால் எண்ணிக்கை தவறாகத்தான் வரும்.

செறிவு கூடினால் ஏன் சளி நின்றுவிடுகிறது? இதற்கான விடை 2012இல் கிடைத்தது. சளிக்குக் கீழே, குற்றிழைகள் (சளியைத் தள்ளி நகர்த்தும் நுண்மயிர்கள்) அசையும் ஏறத்தாழ 7 மைக்ரோமீட்டர் உயரமுள்ள அடுக்கு, வெறும் நீர் என்றே முன்பு கருதப்பட்டது. குற்றிழைகளிலும் செல்பரப்பிலும் ஊன்றி நிற்கும் மியூக்1, மியூக்4, மியூக்16 போன்ற மியூசின்கள் அங்கே தூரிகையின் மயிர்கள்போல் அடர்ந்து நிற்பதை வட கரோலினாக் குழு காட்டியது. அத்தூரிகைக்கும் நீரை ஈர்க்கும் தன் ஆற்றல் உண்டு. மேலுள்ள சளியின் ஈர்ப்பு அதைவிடக் குறைவாக இருக்கும்வரை, நீர் குறையும்போது முதலில் சளிதான் இழக்கிறது. குற்றிழைகள் நிமிர்ந்தே நிற்கின்றன. மியூசின் செறிந்து சளியின் அழுத்தம் தூரிகையின் அழுத்தத்தைத் தாண்டிவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. சளி கீழிருந்து நீரை உறிஞ்சி, தூரிகையை அமுக்கி, குற்றிழைகளை மடக்கிப் படுக்க வைத்துவிட்டு அவற்றின்மேல் ஒட்டிக்கொள்கிறது. உப்புக் கரைசல் கொண்டுவரும் நீர் இந்த எல்லைக்குக் கீழே சளியைத் திரும்பக் கொண்டுவருகிறது. சில மணி நேரத்துக்கு.

நீர் மட்டும் போதாத இடம்

இந்த விளக்கத்தோடு வழக்கு முடிந்துவிட்டது என்று நான் கருதவில்லை. சிஎஃப்டிஆர் நீக்கப்பட்ட பன்றிகளுக்கு மனிதர்களைப் போன்ற நுரையீரல் நோய் வருகிறது. 2014இல் வெளியான ஆய்வொன்றில், தொற்றோ அழற்சியோ தொடங்காத, புதிதாகப் பிறந்த அப்பன்றிகளின் மூச்சுக்குழாய் ஆராயப்பட்டது. ஒளிரும் நுண்துகள்களைச் சேர்த்து, சுரப்பிகளைத் தூண்டிவிட்டுப் பார்த்தால், சுரப்பியின் வாயிலிருந்து சளி ஓர் இழையாக வெளிவருகிறது. நலமான பன்றியில் அந்த இழை சற்று நீண்டு, அறுந்து, குற்றிழைகளின் ஓட்டத்தில் மேல்நோக்கிப் போய்விடுகிறது. நோயுள்ள பன்றியிலோ இழை நீள்கிறது, குற்றிழைகள் அதை இழுக்கின்றன, அது ஆடுகிறது, ஆனால் சுரப்பி வாயை விட்டு விலகுவதில்லை. மூச்சுக்குழாயின் பரப்பை உப்புநீரில் மூழ்க வைத்த நிலையிலும் இப்படித்தான். மேலே நீருக்குப் பஞ்சமே இல்லை. குற்றிழைகளும் நன்றாகவே அடிக்கின்றன. இருந்தும் சளி கட்டுண்டு நிற்கிறது. நலமான பன்றியில் குளோரைடும் பைகார்பனேட்டும் சுரப்பதைத் தடுத்தபோது அங்கும் இதே கோளாறு தோன்றியது.

இங்கே பைகார்பனேட்டின் பங்கு முன்னுக்கு வருகிறது. எலிகளின் குடலில், பைகார்பனேட் இல்லாவிட்டால் மியூசின் சரியாக வெளிப்படுவதில்லை என்று குவின்டனின் குழு 2009இல் காட்டியது. சிஎஃப்டிஆர் இல்லாத எலியின் சிறுகுடலில் செல்பரப்போடு ஒட்டிக் கிடந்த சளி, போதிய பைகார்பனேட் சேர்த்தபோது இயல்பான சளியைப் போல் விடுபட்டது என்று ஸ்வீடனின் கோதன்பர்க் குழு 2012இல் காட்டியது. துகள்பைக்குள் மியூசினை மடித்து வைத்திருந்த கால்சியத்தைப் பிரித்தெடுத்து அமிலத்தன்மையைக் குறைக்கும் வேலை பைகார்பனேட்டுடையது. அது வராவிட்டால் மியூசின் பாதி மடிந்த நிலையிலேயே வெளியேறுகிறது. பின்னர் எவ்வளவு நீர் ஊற்றினாலும் முழுமையாக விரிவதில்லை. உப்புக் கரைசல் கெட்டியான சளியை இளக்குகிறது, ஆனால் பிறக்கும்போதே மடிந்து பிறந்த சளியைத் திருத்துவதில்லை. பரிசோதனைகளில் அதன் பலன் ஓரளவோடு நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

சிறு குழந்தைகளிடம் கிடைத்த முடிவுகளையும் இவ்வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நோயுள்ள குழந்தைகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில், தொற்று கண்டறியப்படாத நிலையிலும் மியூசின் செறிவு கூடியிருப்பதும் கரையாத சளித் துணுக்குகள் மிதப்பதும் 2019இல் வெளியான ஆய்வில் தெரியவந்தன. சளித் தேக்கம் கிருமிகளுக்கு முன்பே வருகிறது. ஆனால் நான்கு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான 321 குழந்தைகளிடம் 48 வாரங்கள் நடந்து 2012இல் வெளியான பரிசோதனையில், அடர் உப்புக் கரைசல் நோய் முற்றும் நிகழ்வுகளைக் குறைக்கவில்லை. பிறகு, நுரையீரலில் காற்று சீராகப் பரவுகிறதா என்பதை நுட்பமாக அளக்கும் முறையைக் கொண்டு நடத்திய பரிசோதனைகளில் இவ்வயதினரிடமும் பலன் தெரிந்தது. எதை அளக்கிறோம் என்பது இங்கும் விடையை மாற்றியிருக்கிறது.

2019 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எலெக்சாகாஃப்டர், டெசாகாஃப்டர், ஐவகாஃப்டர் என்ற மும்மருந்துக் கூட்டு, சிஎஃப்டிஆர் கால்வாயையே பெருமளவு மீட்டுத் தருகிறது. குளோரைடும் பைகார்பனேட்டும் மீண்டும் வருகின்றன. இக்கூட்டை எடுத்துவரும், நுரையீரல் ஓரளவு நன்றாக உள்ள நோயாளிகள் உப்புக் கரைசலை ஆறு வாரங்கள் நிறுத்திப் பார்த்த பரிசோதனையில் அவர்களின் செயல்திறன் குறையவில்லை. மூலக் கோளாறு சரியாகும்போது நீரை வெளியிலிருந்து இழுத்துவரும் தேவை குறைகிறது என்ற எதிர்பார்ப்போடு இது பொருந்துகிறது. ஆனால் சிஎஃப்டிஆர் புரதமே உருவாகாத வகை மரபணு மாற்றம் கொண்டவர்களுக்கு இம்மருந்துகள் பயன்படுவதில்லை. மீட்பதற்கு அங்கே கால்வாய் இல்லை. மும்மருந்து கிடைப்பதற்கு முன்பே மூச்சுக்குழல்கள் நிரந்தரமாக விரிந்து சிதைந்துபோனவர்களும் இருக்கிறார்கள். இவர்களைப் பொறுத்தவரை உப்புக் கரைசல் இன்றும் அன்றாடச் சிகிச்சை. மியூசின்களைக் கோத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளை, பழைய சளியிளக்கி மருந்தான அசிட்டைல்சிஸ்டீனைவிட விரைவாக அறுக்கும் சேர்மங்களுக்கான தேடல் முதன்மையாக இவர்களை மனத்தில் கொண்டு தொடர வேண்டும். அத்தகைய சேர்மத்தைச் சோதிக்கும்போது, மியூசினை எதிர்ப்பொருளால் மட்டும் எண்ணாமல், சளியின் செறிவையும் சவ்வூடு பரவல் அழுத்தத்தையும் நேரடியாக அளந்து பார்ப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும்.